நிரம்பாத குழி

கட்டைவிரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

நல்லம்மா வேண்டுமென்று அமுக்கவில்லை. காப்பிப் பழம் பறிக்கிற கைக்கு ஒரு புத்தி உண்டு. பழத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு அமுக்கு. பழுத்ததென்றால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடும், தோல் மட்டும் கையில் சப்பிப்போய் நிற்கும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அதே வேலை என்றால், விரல் வீட்டுக்கு வந்ததும் சும்மா கிடக்குமா? சோற்றை அமுக்கும், மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கின் முடிச்சை அமுக்கும். அன்றைக்குப் புருஷன் சடையனுக்கு எண்ணெய் தேய்க்கும்போது கணுக்காலுக்கு மேலே அமுக்கிவிட்டது. விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். குழிக்குள் நிழல் தேங்கியிருந்தது. கையால் தடவினாள், ஊதிக்கூடப் பார்த்தாள். சதை மேலே வரவில்லை.

காடு வெட்டும்போது உருண்டுவந்த மரம் சடையனின் இடுப்பை நசுக்கியிருந்தது. முதல் சில ராத்திரிகள் அவன் போட்ட அலறலில் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் ஒரு காம்பராவிலும் யாரும் கண் மூடவில்லை. பிறகு தொரை பங்களாவிலிருந்து கங்காணி கையில் அபின் வந்தது. மிளகளவு கறுப்பு உருண்டைகள், காலையில் ஒன்று, அந்தியில் ஒன்று. நல்லம்மா அதைக் குங்குமச் சிமிழில் போட்டு மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். தன் கையாலேயே எடுத்து, தன் கையாலேயே அவன் நாக்கில் வைப்பாள். அலறல் நிற்கும். அந்த அமைதிக்காக அவள் எந்தச் சாமியையும் கும்பிடத் தயாராக இருந்தாள். இந்த மலையில் அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான்.

வீக்கத்தை யாரும் வீக்கம் என்று நினைக்கவில்லை. அதுதான் பாவம். மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த சனம் அது. வழியில் விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு, எலும்பும் தோலுமாக இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் கண்ணுக்குக் கன்னத்தில் சதை பிடித்தால் அது வரம். "என்னடி, ஒம் புருஷன் கங்காணி கணக்கா ஆயிட்டாரு" என்று பக்கத்துக் காம்பரா வீரம்மா கேலி பண்ணினாள். நல்லம்மாவுக்கு அதில் பெருமைகூட வந்தது. தன் பங்குச் சோற்றையும் அவன் தட்டில் தள்ளினாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கம்பளைப் பக்கத்து மலைகள் எல்லாம் காணாமல் போய், வாசலுக்கு வெளியே வெள்ளைப் பனிமூட்டம் மட்டும் நின்றது. பழத்தோல் உரிக்கிற காப்பி ஸ்டோரில் தண்ணீர்ச் சக்கரம் ஓயாமல் சுற்றியது. புளித்த பழத்தோலின் நாற்றம் ஈரக் கம்பளியிலும் தலைமுடியிலும் குடிக்கிற தண்ணீரிலும் ஏறியது. அந்தச் சத்தத்துக்கும் நாற்றத்துக்கும் பழகிப்போயிருந்ததால், இன்னொரு சத்தம் அவள் காதில் தனியாக விழ நாளாயிற்று. சடையன் புரண்டு படுக்கும்போதெல்லாம், அரைக்குடம் தண்ணீரை இடம் மாற்றி வைப்பதுபோல உள்ளே ஏதோ தளும்பியது.

இன்னொன்றும் இருந்தது. அவள் மலையிலிருந்து திரும்பும்போது அவன் காலில் புதுக் குழிகள் இருந்தன. முழங்காலிலிருந்து பாதம்வரை, பக்கம் பக்கமாக, யாரோ பொறுமையாக ஒவ்வொரு இடமாக அமுக்கிப் பார்த்ததுபோல. சடையனால் குனியவே முடியாது. யார் வந்தது என்று கேட்டாள். அவன் கண் பாதி மூடியபடி சிரித்தான்.

"நீதானே புள்ள வந்து அமுக்கிட்டுப் போன. பகல் பூரா."

மருந்து மயக்கத்தில் உளறுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கங்காணி ஏதோ வேலையாகக் கண்டிக்குப் போய்விட்டதால் இடையில் அபின் தீர்ந்துபோனது. சடையன் பல்லைக் கடித்துக்கொண்டு துடித்தான். ஆனால் சட்டி சட்டியாக மூத்திரம் போனது, கணுக்கால் எலும்பு மறுபடி வெளியே தெரிந்தது, முகம் பழைய முகமாயிற்று. கங்காணி திரும்பினார், உருண்டை வந்தது, அவள் ஊட்டினாள். மறுநாள் அந்திக்குள் கால் இரண்டும் தூண் மாதிரி ஆகிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். நெஞ்சுக்குள் கொழகொழவென்று சத்தம் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சிமிழைத் தூக்கிக்கொண்டு கங்காணியிடம் ஓடி, இந்த உருண்டைதான் புருஷன் உடம்பில் தண்ணீரைக் கட்டுகிறது என்றாள். கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"லயத்துல பாதிப் பேரு தின்னுருக்கான். ஒருத்தனாச்சும் வீங்குனானா? ஒம் புருஷனுக்கு மட்டும் தனி ஒடம்பா?"

தனி உடம்புதான். அதை அவள் யாருக்கு எப்படிப் புரியவைப்பாள்? கொடுத்தால் அவன் படுக்கையிலேயே முழுகிச் சாவான். கொடுக்காவிட்டால் வலியில் துடிப்பான், ஆனால் இருப்பான். திரும்பும் வழியில் ஸ்டோர் வாய்க்காலருகே நின்று, சிமிழைத் திறந்து, கறுப்பு உருண்டைகளை எல்லாம் தண்ணீரில் கொட்டினாள். பழத்தோல்களோடு சேர்ந்து அவை போயின.

அந்த ராத்திரியை அவள் எப்படிக் கடந்தாள் என்று கேட்கக்கூடாது. சடையன் அலறவில்லை, கெஞ்சினான். "ஒண்ணே ஒண்ணு குடு புள்ள" என்று உள்ளங்கையை நீட்டினான். அந்தக் கையும் வீங்கி, ரேகைகள் மறைந்திருந்தன. கையை நீட்டியபடியே இருந்தான். அவள் கம்பளியைத் தலைமேல் போட்டுக்கொண்டு காதைப் பொத்தி அழுதாள். விடிந்ததும் அவனுக்குக் கஞ்சி வைத்துவிட்டு, வீரம்மாவை ஒரு எட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு மலைக்குப் போனாள்.

அந்தியில் பழத்தை அளந்து போட்டுவிட்டு இறங்கியபோது பனிமூட்டம் லயத்தை விழுங்கியிருந்தது. வீரம்மா தன் வாசலில் நின்று, மத்தியானத்திலிருந்து சத்தமே இல்லை, நல்லாத் தூங்குகிறார் போல என்றாள். நல்லம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. மண் தரை முழுக்க ஈரம். கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்தாள். மூங்கில் படுக்கையில் அவன் கம்பளிக்குள் படுத்திருந்தான். உட்காரவில்லை. படுத்திருந்தான், மூச்சுத் திணறல் இல்லாமல். கம்பளிக்குக் கீழே அவன் உருவம் எவ்வளவு சின்னதாகிவிட்டது! வீக்கம் வடிந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. மாரியாத்தா, நீ இருக்கே என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"என்னங்க," என்றாள்.

தூங்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, கம்பளிக்குள் கையை விட்டு, காலைத் தேடினாள். கிடைத்தது. குளிர்ந்திருந்தது. குழி விழுகிறதா என்று பார்க்க, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அமுக்கினாள்.

விரல் இறங்கியது.

இன்னும் இறங்கியது.

எலும்பு இல்லை. சதை இல்லை. இரண்டு மடிப்புத் தோல். அதற்குக் கீழே மூங்கில்.

அவள் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. விரலுக்கு அந்த மெத்தென்ற சப்பல் தெரியும். நாளெல்லாம் பிடித்த சப்பல். கொட்டை போன பிறகு கையில் நிற்கிற தோல்.

வெளியே ஸ்டோர்ச் சக்கரம் நின்றது. தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

அது உள்ளே இருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், கதவு மறைத்திருந்த மூலையில். அரைக்குடம் தளும்புகிற சத்தம். ஒரு தளும்பல். நின்றது. இன்னொன்று, கிட்டே.

புளித்த பழ நாற்றம்.

அவள் தலையைத் திருப்பவில்லை. தரையை மட்டும் பார்த்தாள். ஈரம் அவள் பாதத்தைத் தொட்டது. அடுத்து அவள் பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு கால் வந்து நின்றது. தோல் இல்லாத, பளபளவென்று வெளுத்த, தூண் போன்ற கால். அவள் தோளுக்கு மேலாக, ரேகையே இல்லாத ஒரு உள்ளங்கை மெதுவாக நீண்டு, முகத்துக்கு முன்னால் விரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு குடு புள்ள."

காலின் கணுக்கு மேலே ஒரு குழி இருந்தது. அவள் கட்டைவிரல் அளவு. அது இன்னும் நிரம்பவில்லை.