அத்தாவின் கட்டில் எழுதிய வரிகள்

ஐம்பது நாளாகக் காலியாகக் கிடந்த ஃபைல், இன்று சாயங்காலம் நிரம்பியிருந்தது. சரியாக நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட்.

தஹ்சீன் லேப்டாப்பை அருகே இழுத்தாள். ராஜா அண்ணாமலைபுரத்து அந்த வீட்டில் அவளைத் தவிர மழைச் சத்தமும், உள்ளறையை விட்டு இன்னும் போகாத தைல வாசனையும்தான். அவளைப் பெற்ற அத்தா ஷரஃபுதீனுக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியபோது, அவர் மெத்தைக்கு அடியில் சென்சார் வைத்து, எழுந்தால் ஒரு வரி, படுத்தால் ஒரு வரி எழுதும்படி சி மொழியில் அவளே புரோகிராம் எழுதினாள். திரையில் சோதித்தபோது வரி வரியாக வந்தது. அதை நம்பி, ஃபைலுக்குத் திருப்பிவிட்டு ஆபீஸ் போனாள். அங்கிருந்து எப்போது பார்த்தாலும் காலி. தூங்குகிறார் என்று நிம்மதியாக இருந்துவிட்டாள். எட்டாம் நாள் மத்தியானம் அவர் மாடிப்படியில் விழுந்து இறந்தபோதும் ஃபைல் காலிதான். அதன்பிறகு சென்சாரை எடுக்கவோ புரோகிராமை நிறுத்தவோ அவளுக்கு மனசு வரவில்லை.

கூட வேலை செய்யும் லாவண்யாவுக்குப் போன் போட்டாள்.

“ஸ்கிரீன்னா ஒவ்வொரு வரியும் உடனே வரும்டி. ஃபைல்னா நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு பைட் வரைக்கும் பஃபர்ல புடிச்சு வச்சுக்கும், ரொம்பினாத்தான் கொட்டும். அப்பப்போ கொட்டச் சொல்லி ஃப்ளஷ் போடலியா நீ?”

“போடல,” என்றாள்.

“மிச்சம் உள்ளதான் இருக்கும். முறையா நிறுத்து, வந்துரும். பிளக்கைப் புடுங்கினா எல்லாம் போயிரும்.”

போனை வைத்துவிட்டு ஃபைலைப் படித்தாள். அவர் விழுந்த அந்த மத்தியானம், 2:10. எழுந்தார். கட்டில் சொல்லித்தான் இருக்கிறது. அவளுக்குத்தான் வந்து சேரவில்லை. பாவி, நான்தான் கொன்றேன் என்று வாய்விட்டு அழுதாள்.

அழுகைக்கு நடுவில்தான் உறைத்தது. எட்டு நாள் வரிகளுக்குப் பஃபர் பாதிகூட நிரம்பியிருக்காது.

கீழே நகர்த்தினாள். அடக்கம் முடிந்த அன்று ராத்திரி: படுத்தார். மறுநாள் சாயங்காலம்: எழுந்தார். அப்புறம் தினமும். அவள் ஆபீஸிலிருந்து வந்து இந்த நாற்காலியில் உட்காரும்போது எழுந்தார். அவள் விளக்கை அணைத்ததும் படுத்தார். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மகள் வேலை முடியட்டும் என்று பேசாமல் நிற்பார். அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

கடைசி வரி பாதியில் அறுந்திருந்தது. இன்றைய தேதி. 6:4

புரோகிராமை முறையாக நிறுத்தினாள். மிச்சம் வந்து விழுந்தது.

6:42. எழுந்தார்.

அவ்வளவுதான். ‘படுத்தார்’ என்ற வரி இல்லை.

மணி ஏழாகப் போகிறது.

தைல வாசனை. பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

“அத்தா?”

நாற்காலியின் முதுகு, யாரோ கை ஊன்றியதுபோல், மெல்லப் பின்னால் சாய்ந்தது.