நீ கரையில்தான் இருந்தாய்

பயணம் நடந்த ஞாயிறுகளில், மாலை நான்கு மணிக்கு எங்கள் கயாக் சங்கக் கொட்டகையில் எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்போம். செயலாளர் கோயில்பிள்ளை சார் ஒவ்வொரு உள்ளங்கையையும் விரலால் தடவிப் பார்ப்பார். புதுக் கொப்புளம் இருந்தால் கடலுக்குப் போனவர். இல்லையென்றால் போனதாக நினைத்துக்கொண்டிருப்பவர். சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கொப்புளத்துக்கு மதிப்பெண் போடாததுதான் பாக்கி.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் நிலைமை அப்படி. தூத்துக்குடிக்குக் கிழக்கே பவளப்பாறைகள் எல்லாம் செத்து, வனத்துறை முப்பது வருடம் கடலைப் பூட்டி வைத்த பிறகுதான் மறுபடி உயிர் பிடித்தன. இப்போது சங்குத்திட்டுத் தீவுக்கு எங்கள் சங்கத்திலிருந்து மாதம் ஒரு தடவை இரண்டே இரண்டு ஒற்றையாள் கயாக்குகள் போகலாம். இயந்திரப் படகு கூடாது. கைபேசி கூடாது. சமிக்ஞை அனுப்பும் எந்தக் கருவியும் கூடாது. சங்கத்தில் நாங்கள் முப்பத்தொரு பேர். இரண்டில் ஓர் இடம் வழி தெரிந்த சுயம்பு அண்ணாச்சிக்கு என்றைக்கும் உண்டு. மீதி ஓர் இடத்துக்கு முப்பது பேர் என்றால், முறை வருவதற்குள் ஆள் கிழடு தட்டிப்போவார்.

அதனால்தான் நினைவங்கி வந்தது. பார்வைக்குச் சாதாரண லைஃப் ஜாக்கெட். கழுத்துப் பட்டைக்குள் நினைவிழை ஓடும். காலி அங்கியின் மார்பில் உள்ள கொளுவியை அழுத்திவிட்டுப் போனால், உடம்பு பார்த்தது, கேட்டது, வலித்தது, மனசு நினைத்தது எல்லாம் ஒன்பது மணி நேரத்துக்குப் பதிவாகும். பதிவு உள்ள அங்கியை இன்னொருவர் போட்டு அதே கொளுவியை அழுத்தினால், கால் மணி நேரத்தில் முழுப் பயணமும் அவருக்குள் இறங்கிவிடும். படம் பார்த்த மாதிரி இருக்காது. நாமே போய் வந்த மாதிரிதான் இருக்கும். தோள்கூட வலிக்கும். பழைய பதிவை அழிக்கக் கொளுவியை இருபது எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும்; எண்ணத் தொடங்கும்போதே புதுப் பதிவு ஓட ஆரம்பித்துவிடும். கயாக், துடுப்பு, இடுப்பில் மாட்டும் தண்ணீர்ப் பாவாடை எல்லாம் எங்களுக்குப் பொது. பயணமும் அப்படியே பொதுவாகிவிட்டது.

இதில் ஒரு சிக்கல் இருப்பது சீக்கிரமே தெரிந்தது. கண்ணைத் திறப்பவருக்குத் தான் போனதும் வந்ததும்தான் தெரியும், நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தெரியாது. ஆகவே அங்கி போடுகிறவர் பக்கத்தில் ஒரு கைத்துணை உட்கார வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு, கண் திறந்ததும் பெயர் சொல்லி, "நீ போகல. கரையிலதான் இருந்த" என்று சொல்ல வேண்டும். கேட்டதும் உள்ளுக்குள் ஏதோ இறங்கும். கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் நிம்மதி. எனக்கு ஏமாற்றம்தான் அதிகம்.

இந்த ஞாயிறு என் முறை. இரண்டரை வருடம் காத்திருந்து கிடைத்தது. விடிகாலையில் நானும் சுயம்பு அண்ணாச்சியும் கிளம்பி, திட்டைச் சுற்றி, மத்தியானம் திரும்பினோம். கயாக்கை நல்ல தண்ணீரில் கழுவித் தாங்கியில் ஏற்றினேன். அங்கியைக் கொக்கியில் மாட்டினேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் மூன்று மணிக்குத்தான் எழுந்தேன். அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனையோ நாளாயிற்று.

"ஜெனிட்டாக்கா, எப்படி இருந்துச்சு?" என்று மிஸ்பா கேட்டாள். போன மாதம் போனவள் அவள். வங்கியில் வேலை. சங்கத்திலேயே சின்னவள்.

"சொன்னா நம்ப மாட்ட. திட்டுக்குத் தெக்கே ஒரு ஆமை. என் துடுப்ப முட்டிட்டுப் போகுது. அண்ணாச்சி மீசையில உப்புப் பூத்துப்போய்ச் சிரிக்காரு..."

மிஸ்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அண்ணாச்சி வியாழக்கிழமையே மீசைய எடுத்துட்டாருல்லா? பல் பாக்க எடைஞ்சலா இருக்குன்னு டாக்டர் எடுக்கச் சொன்னாருன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாரே. ஆமையும் என் ஆமைக்கா."

எனக்குக் கோபம் வந்தது. இரண்டரை வருடம் காத்திருந்து பார்த்த ஆமையை ஒருத்தி தன்னுடையது என்றால் யாருக்குத்தான் வராது? "ஒனக்கு மட்டுந்தான் ஆமை வருமோ?" என்றேன்.

"கையக் காட்டும்மா" என்றார் கோயில்பிள்ளை சார்.

நீட்டினேன். அவர் ஒரு முறை தடவினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தடவினார். என் உள்ளங்கை வழவழவென்று இருந்தது. ஐந்து மணி நேரம் துடுப்புப் போட்ட கை அப்படி இருக்காது.

"அங்கியில பழைய பதிவ அழிச்சியா?"

"அழிச்சேன் சார். கொளுவிய அமுக்கி இருபது எண்ணினேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"அது என் ஞாபகமா இருக்கும்கா" என்றாள் மிஸ்பா. "நான் எண்ணினேன்."

பிடிமானம் எதுவும் இல்லை. காலையில் நடந்ததை ஒவ்வொன்றாக யோசித்தேன். கொளுவியை அழுத்தினது யார்? நானா, அவளா? கயாக்கைக் கழுவினது நான்தான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கழுவும்போது அது ஏன் காய்ந்திருந்தது? வீட்டுக்கு நடந்தபோது பால்காரர் எதிரே வந்தார். மத்தியானத்தில் ஏது பால்காரர்?

"நீ மத்தியானம் வரல. காலம்பறயே திரும்பிப் போயிருக்க" என்று சார் மெதுவாகச் சொன்னார். "காலின்னு நெனச்சு அமுக்கியிருக்க. மிஸ்பா போய்ட்டு வந்தது ஒனக்குள்ள எறங்கிருக்கு. கரையில உக்காந்து எல்லாம் முடிஞ்சிட்டுன்னு எந்திரிச்சு வந்துட்ட. பக்கத்துல சொல்ல ஆள் இல்ல."

"அப்ப அண்ணாச்சி?"

எல்லோரும் தாங்கியைப் பார்த்தோம். அண்ணாச்சியின் சிவப்புக் கயாக்கின் இடம் காலியாக இருந்தது. பழுது பார்க்க எடுத்துப் போயிருப்பார் என்று ஆளுக்கு ஆள் நினைத்திருக்கிறோம். அவரோடு போய்வந்த நினைவு எங்கள் எல்லோரிடமும் இருந்ததால், அவர் திரும்பவில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

சார் வனத்துறைக்குச் சொல்ல ஓடினார். நானும் மிஸ்பாவும் இரண்டு கயாக்குகளை இறக்கினோம். அங்கி வேண்டாம், பழைய கார்க் ஜாக்கெட் போதும் என்றேன். எனக்குப் பயம். இப்போது போடுகிற துடுப்பாவது என்னுடையதுதானா என்று ஒவ்வொரு இழுப்பிலும் கையைப் பார்த்துக்கொண்டேன்.

அலைத்தடுப்புக் கற்களைத் தாண்டி அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம். சிவப்புக் கயாக் கரைக்கும் பவளப்பாறைக்கும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி கொஞ்ச தூரம் போவார், நிற்பார், தண்ணீருக்குள் எட்டிப் பார்ப்பார், வாயைத் திறப்பார். சத்தம் வரவில்லை. பக்கத்தில் போன பிறகுதான் என் பெயரைக் கூப்பிடுகிறார் என்று தெரிந்தது.

"அண்ணாச்சி!"

அவர் என்னைப் பார்த்தார். சந்தோஷப்படவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மீசை இல்லாத அந்தப் புது முகத்தோடு என்னையும் மிஸ்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது யார் பதிவு?" என்று கேட்டார். "என்னை யாரு அங்கி போட வச்சா?"

"பதிவு இல்ல அண்ணாச்சி. நெசமாத்தான் வந்திருக்கோம்." என் கையை நீட்டினேன். அவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துத் தடவினார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கடல் தண்ணீர் என்று நினைத்தேன். அது ரத்தம். தோல் உரிந்து தொங்கியது.

விடிகாலையில் அவர் முதலில் இறங்கி, வழக்கப்படி கற்களுக்கு அப்பால் அலை பார்க்கப் போயிருக்கிறார். அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் கரையில் நானும் இல்லை, என் கயாக்கும் இல்லை. நான்தான் அதைப் பொறுப்பாகக் கழுவி ஏற்றிவிட்டேனே. நான் இறங்கிக் கவிழ்ந்துவிட்டேன் என்றுதானே அவர் நினைப்பார்? அப்போது ஆரம்பித்தவர், பத்து மணி நேரத்துக்கு மேல் தேடியிருக்கிறார்.

"கரைக்கு வந்து ஆள் கூட்டிட்டுப் போயிருக்கலாமே?" என்று மிஸ்பா அழுதாள்.

"நெனச்சேன். நான் அங்கிட்டுப் போற நேரத்துல இவ ஒரு தடவ தலையத் தூக்கிட்டா?"

நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அவருடைய அங்கியில் பதிவு முழுதாக இருந்தது. காலை ஆறரையிலிருந்து ஒன்பது மணி நேரம். அழித்துவிடச் சொன்னார் அண்ணாச்சி. சாரும் அதையே சொன்னார். நான்தான் கேட்கவில்லை. அவர் பட்டது என்னால். அதைக் கதையாகக் கேட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிறு கொட்டகை நாற்காலியில் உட்கார்ந்து அதைப் போட்டுக்கொண்டேன். கைத்துணையாக அண்ணாச்சியே உட்கார்ந்தார், கட்டுப் போட்ட கையோடு. கொளுவியை அழுத்தினேன்.

ஜெனிட்டாவைக் கூப்பிட்டேன். தொண்டை போகிற மட்டும் கூப்பிட்டேன். மிதந்து வந்த ஒரு வெள்ளைப் பையை அவள் சட்டை என்று நினைத்துக் குதித்தேன். அவள் புருஷன் கப்பலில் இருக்கிறான், அவனுக்கு யார் சொல்வது என்று யோசித்தேன். முன்னால் போகாமல் கூடவே இருந்திருக்கலாம் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். கை எரிந்தது. வெயில் மேற்கே சாய்ந்தது. மூன்றரை மணிக்கு இழை நிறைந்து பதிவு நின்றுபோனது. மிஸ்பாவும் நானும் வந்தது அதில் இல்லை.

கண்ணைத் திறந்தேன். அண்ணாச்சி முகத்துக்கு நேரே குனிந்திருந்தார்.

"ஜெனிட்டா" என்றார். அடுத்ததைச் சொல்லும் முன் என் உள்ளங்கையை ஒரு முறை தடவிப் பார்த்தார். அந்த வாக்கியத்தைச் சங்கத்தில் அவர் அளவுக்குச் சொன்னவர்கள் வேறு யாரும் கிடையாது. "நீ போகல. கரையிலதான் இருந்த."

"இன்னொரு தடவ சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னார். தலையாட்டினேன். ஆனால் வாசலுக்கு அப்பால் தெரிந்த கடலை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அங்கே ஒருத்தி இன்னும் கிடைக்கவில்லை.