விட்டுக்கொடுத்த இடம் வேண்டாம்

"உங்க மூணாவது பக்கம் தப்பு."

ஜெராக்ஸ் கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தவன் விருட்டென்று திரும்பினான். என்ன கண்கள் இவனுக்கு, என்று நினைத்தாள் அவள்... கோபத்தில்கூட அழகாக இருந்து தொலைத்தன.

"அடுத்தவங்க பேப்பரப் படிக்கிறதுதான் உங்க வேலையா?"

"மெஷின்லேர்ந்து என் கையில வந்து விழுந்துச்சு. தீர்ப்புன்னு நீங்க எடுத்துப் போட்ட வரி தீர்ப்பே இல்ல. ஒத்துக்காத நீதிபதி தனியா எழுதினது."

புரட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது. அப்போதுதான் அவள் கையிலும் அதே விண்ணப்பம் இருப்பதைக் கவனித்தான். சர்வதேச நீதிமன்றத்தில் ஓராண்டுப் பயிற்சி. சட்டம் முடித்த கையோடோ அடுத்த வருடமோ போகலாம். ஆனால் ஒரு கல்லூரியிலிருந்து ஒரே ஒருவர்தான். அவன் பகல் வகுப்பு, அவள் மாலை வகுப்பு. இத்தனை நாள் பார்த்துக்கொண்டதே இல்லை.

"சொல்லாம விட்டிருந்தா இடம் உங்களுக்குத்தானே?"

"அப்படிக் கிடைச்சு எனக்கு எதுக்கு?"

மழை விட்டும் இருவரும் கிளம்பவில்லை. இடம் கிடைக்காவிட்டால் வக்கீல் அப்பாவின் ஆபீஸில் வாய்தா வாங்கிக்கொண்டு, அவர் பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்பது வரை அவள் வாயைப் பிடுங்கிவிட்டான்.

பத்தாம் நாள் கல்லூரிப் பலகையில் ஒட்டினார்கள். அவன் பெயர்.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை முட்டியது. எதிரே வந்து நின்றவன் ஒரு கடிதத்தை நீட்டினான்.

"விலகிக்கறேன்னு எழுதிட்டேன். அடுத்த பேரு நீங்கதான்."

என்ன திமிர்... பாவம் பார்க்கிறானாம். நாலாகக் கிழித்து அவன் சட்டைப் பையிலேயே திணித்தாள்.

"தப்பத் திருத்தி ஜெயிச்சிருக்கீங்க. அது உங்க இடம். எனக்குப் பிச்சை போட வராதீங்க."

"உங்க அப்பா?"

"அவருக்கும் பதில் இருக்கு. அடுத்த வருஷமும் விண்ணப்பம் போடுவேன். அவர் ஆபீஸுக்கும் போகமாட்டேன், அவர் பாக்கிற ஆளுக்குக் கழுத்தையும் நீட்டமாட்டேன்."

"பிச்சையெல்லாம் இல்லங்க..." அவன் குரல் இறங்கியது. "உங்களப் பிடிச்சிருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான்..."

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. முறைப்பை மட்டும் விடவில்லை.

"அதுக்கு வாய் போதும். கையில இருக்கிற இடத்தையா தூக்கிக் குடுப்பாங்க? நல்ல வக்கீல் போங்க."

"சரி, வாயால சொல்லிட்டேன். பதில்?"

"எனக்கும் பிடிச்சிருக்கு. அதனாலதான் கிழிச்சேன்." எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "இப்ப ஒழுங்காப் போயிட்டு வாங்க... அடுத்த வருஷம் என்னை வழியனுப்ப நீங்கதான் வரணும்."