நான் வரும்வரை நில்லுங்கள்

மே மாதத்து வெயில் இன்னும் மரங்களின் உச்சியில் இருக்கும்போதே கோச்சு வண்டி மாளிகை வாசலில் வந்து நின்றது. சர் மைல்ஸ் முதலில் இறங்கித் தன் புது மனைவிக்குக் கை கொடுத்தார். ஹெஸ்டர் இறங்கியதும் பார்த்தது வீட்டை அல்ல, வீட்டுக்குப் பின்னால் விரிந்து கிடந்த மணல்வெளியை. ஓதம் இறங்கி, கடல் வெகுதூரம் வற்றிப் போயிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஈர மணல் தகரம் போல் மினுங்கியது. ஒரு பறவைகூட இல்லை.

கூடத்துக்குள் நுழைந்தபோது வீட்டு நிர்வாகியான டைசன் அம்மாள் முழங்காலில் உட்கார்ந்து கல்தரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்டு வேலைக்காரிகளை ஏவ வேண்டியவள், தானே துடைத்துக்கொண்டிருந்தது ஹெஸ்டருக்கு விசித்திரமாக இருந்தது.

"மழை உள்ள வருதா?" என்று கேட்டாள்.

"மழை பெய்ஞ்சு பத்து நாளாச்சும்மா. பழைய வீடு. கூடம் ஈரம் கட்டும்."

சர் மைல்ஸ் பரந்த கூடத்தின் நடுவே நேராக நடக்காமல், சுவரோரமாக, தோளைச் சற்று ஒடுக்கியபடி படிக்கட்டை நோக்கிப் போனார். நெரிசலான சந்தைக்குள் ஒருவன் வழி விலக்கிப் போவது போல இருந்தது அந்த நடை.

ஹெஸ்டர் ஒரு பாதிரியாரின் மகள். முப்பத்தாறு வயதில் இனிக் கல்யாணம் என்ற பேச்சே இல்லை என்று இருந்தவளை லங்காஸ்டர் விருந்தொன்றில் பார்த்து, மறுவாரமே அவள் தந்தையிடம் பெண் கேட்டு வந்தவர் சர் மைல்ஸ் ஆல்தர்கேட். அறுபதைத் தாண்டியவர். குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை. குதிரையிலிருந்து விழுந்து அண்ணன் கழுத்து முறிந்து செத்ததால் பத்தொன்பது வயதில் பரோனெட் என்ற பரம்பரைப் பட்டமும் நிலமும் அவருக்கு வந்தன. பிரெஞ்சுக்காரன் எந்த நேரமும் கரையிறங்குவான் என்று நாடு நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. நிலமுள்ளவன் என்பதாலேயே மிலிஷியாவில் கேப்டன் பதவி கிடைத்தது. சண்டைக்கு வெளிநாடு போகாத, உள்ளூர்க்காரர்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்த மாவட்டப் படை. சண்டை ஓய்ந்ததும் படை கலைந்தது. அவர் மாஜிஸ்திரேட் ஆனார், தேவாலயத்துக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தார், ஒருமுறை தேர்தலில் நின்று தோற்றார், மனைவியை இழந்தார். இப்போது அரசு மறுபடி மிலிஷியாவைக் கூட்டியபோது, வேறு ஆள் இல்லை என்று அவரையே கர்னல் ஆக்கினார்கள். மென்மையான மனிதர். நாயைக்கூடக் குரல் உயர்த்தி அதட்டமாட்டார்.

அதனால்தான் அந்த முதல் வாரத்தில், ஆளில்லாத கூடத்தில் அவர் தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்டபோது அவளுக்குக் கோபமோ பயமோ வரவில்லை.

"கொஞ்சம் வழி விடுங்கப்பா," என்றார் அவர். பிறகு சுவரோரமாக நடந்து போனார்.

வயதாகிவிட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் மூடுபனி வந்தது. மதிய உணவு நேரத்தில் மணல்வெளியிலிருந்து எழும்பி, தோட்டத்தை விழுங்கி, சன்னல்களில் வந்து ஒட்டிக்கொண்டது. சர் மைல்ஸ் படைப் பயிற்சிக்குப் போயிருந்தார். ஹெஸ்டர் கையில் தையலுடன் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பாதிப் படியில் வாடை அடித்தது. நனைந்த கம்பளித் துணியின் வாடை. நனைந்து, உலராமல், பல நாள் கிடந்த கம்பளி.

கீழே கூடம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. யாரும் இல்லை.

ஆனால் கூடம் காலியாக இல்லை.

காலி அறைக்கு ஓர் ஒலி உண்டு. அந்த ஒலி அங்கே இல்லை. கூட்டம் நிறைந்த தேவாலயத்தில் ஜெபத்துக்கு முன் நிலவும் அமைதிதான் இருந்தது. பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அமைதி.

அவள் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

யாரோ இருமினார்கள். அடக்கிக்கொள்ள முயன்று, முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு இருமும் ஓர் இளைஞனின் இருமல். அவளுக்குக் கீழே மூன்றாவது படியிலிருந்து வந்தது.

தையல் கைநழுவி விழுந்தது. எடுக்கக் குனியாமல் மாடிக்கு ஓடினாள்.

அன்று மாலை, விளக்கு ஏற்றும் நேரத்தில், டைசன் அம்மாள் அந்தத் தையலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அது சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நக்கினால் உப்புக் கரிக்கும் என்று ஹெஸ்டருக்குத் தெரிந்தது.

"யாரு அவங்க?" என்றாள் ஹெஸ்டர்.

டைசன் அம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "முதல்ல இருந்த அம்மாவும் கேட்டாங்க. சொன்னேன். காத்து ஒத்துக்கலைன்னு சொல்லிட்டு பாத் ஊருக்குப் போனாங்க. பேய்க்குக் காத்துன்னு பேரு வைச்சுட்டுப் போன மகராசி."

"சொல்லுங்க. நான் போகமாட்டேன்."

"நம்ம ஊர்ப் பசங்கதாம்மா. எங்க அண்ணன் ஐசக் டைசனும் அதுல ஒருத்தன். சீட்டு எடுத்தப்போ அவன் பேரு வந்துச்சு. சிவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு வாசல்ல நின்னான், எங்கம்மா அழுதுச்சு. நான் சின்னப் பொண்ணு, கோட்டு நல்லாயிருக்குன்னு கை தட்டினேன்."

அவள் சொன்னது இதுதான். ஜெனரல் ஒருவர் லங்காஸ்டரில் படையைப் பார்வையிட வருவதாக இருந்தது. சுற்றுப் பாதையில் போனால் மறுநாள்தான் போய்ச் சேரலாம். கடல் வற்றிய நேரத்தில் மணல்வெளியைக் கடந்தால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். வழிகாட்டி, பனி இறங்கப் போகிறது, வேண்டாம் என்றான். இளம் கேப்டனான சர் மைல்ஸ் அவனைக் கோழை என்று சிரித்துவிட்டுத் தன் ஆட்களை மணலில் இறக்கினார். பாதி தூரத்தில் பனி சூழ்ந்தது. கை நீட்டினால் விரல் தெரியவில்லை.

"குதிரையில இருந்தது அவரு ஒருத்தர்தான். மணலுக்குள்ள ஓடுற ஓடையைக் கடக்க இடம் பாத்துட்டு வரேன், நான் வர்ற வரைக்கும் யாரும் அசையக் கூடாது, முரசை அடிச்சுக்கிட்டே இருங்க, சத்தத்தை வைச்சுத் திரும்பி வரேன்னாரு. போனாரு. குதிரைக்குக் கரை தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா. குதிரை கரை ஏறிடுச்சு. தண்ணி வர்ற சத்தம் கேட்டுச்சு. முரசு சத்தமும் கேட்டுச்சு. அவரு கரையில நின்னுக்கிட்டு இருந்தாரு."

ஹெஸ்டர் நனைந்த தையலைத் தள்ளி வைத்தாள்.

"சார்ஜன்ட் ஆட்கின்சன் யாரையும் அசைய விடலை. கேப்டன் வருவாரு, வரிசை கலையாதீங்கன்னாராம். இடுப்பு வரைக்கும் வந்தப்பவும் அதேதான் சொன்னாராம். ஒருத்தன் மட்டும் வரிசையை விட்டு ஓடி நீந்தி வந்தான். அவன்தான் சொன்னான். ஆனா விசாரணையில, சார்ஜன்ட் உத்தரவு இல்லாம ஆளுங்களை வழி மாத்திக் கூட்டிட்டுப் போயிட்டாருன்னு ஐயா சொன்னாரு. கூலிக்காரன் பேச்சு எடுபடுமா, சர் பட்டக்காரர் பேச்சு எடுபடுமா?"

"இவ்வளவும் தெரிஞ்சுமா இந்த வீட்ல வேலை பாக்கறீங்க?"

"அவருக்காகவா பாக்கறேன்?" டைசன் அம்மாளின் குரல் முதன்முறையாக இளகியது. "எங்க அண்ணன் உடம்புகூடக் கிடைக்கலைம்மா. இங்கதான் வர்றான். இருமல் கேட்டீங்கல்ல? அவன் சின்ன வயசுலருந்தே அப்படித்தான். முன்னெல்லாம் பனி நாள்ல மட்டும் வருவாங்க. ஐயா மறுபடி அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டதுலருந்து தினமும் வர்றாங்க. துடைக்கிறது எனக்கு ஒரு வேலையா? அவன் காலடி ஈரம்மா அது."

அதன்பின் ஈரம் கூடத்தோடு நிற்கவில்லை. ஒருநாள் படிக்கட்டின் வளைவு வரை வந்தது. இன்னொரு நாள் மாடித் தாழ்வாரத்து விரிப்பு மிதித்தால் நீர் கக்கியது. ஒரு காலையில் ஹெஸ்டர் படுக்கையறைக் கதவைத் திறந்தபோது, வாசற்படியை ஒட்டி இரண்டு காலணிகள் நின்ற அளவுக்கு நீர் தேங்கியிருந்தது. அறையைப் பார்த்து நின்ற காலணிகள்.

சர் மைல்ஸ் எழுந்து வந்து அதைப் பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பு போல் வெளுத்தது.

"இங்கிருந்து போயிடலாம்," என்றாள் ஹெஸ்டர். "எங்கப்பா வீட்டுக்குப் போலாம்."

"பாத் ஊர்ல வாடகை வீட்ல இருந்தப்போ அங்கயும் விரிப்பு நனைஞ்சுது, ஹெஸ்டர். அதுக்கப்புறம்தான் அவ என்கூட இருக்கமாட்டேன்னுட்டா. சாகற வரைக்கும் அங்கயே இருந்தா."

"அவங்களுக்கு என்னதான் வேணுமாம்?"

அவர் ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தன்னை யாரும் தேடி வராத வயதில் தேடி வந்த மனிதர் இவர். அவரை வெறுக்க முயன்று பார்த்தாள், முடியவில்லை.

"நிக்கச் சொன்னது நீங்கதானே?" என்றாள் மெதுவாக. "போகலாம்னு சொல்லுங்க. அதை இன்னும் யாரும் சொல்லலையே."

அன்று பிற்பகல் பனி மறுபடி எழுந்தது. சர் மைல்ஸ் கர்னல் சீருடையை முழுமையாக அணிந்து, வாளைக் கட்டிக்கொண்டு கூடத்தில் இறங்கினார். முதன்முறையாகச் சுவரோரம் ஒதுங்காமல் நேரே நடுவில் போய் நின்றார். ஹெஸ்டர் படியில் நின்றாள். டைசன் அம்மாள் சமையலறை வாயிலிலிருந்து ஓடி வந்தாள்.

"வேண்டாம்யா. அவங்களைப் போகச் சொல்லாதீங்க. போனா எங்க அண்ணன் எங்கய்யா போவான்?"

"விடுங்கம்மா," என்றார் சர் மைல்ஸ். பிறகு அறுபது வயதுக் குரலை நிமிர்த்தி உத்தரவிட்டார். "கம்பெனி, கலைந்து போகலாம்."

கூடம் அசையவில்லை.

சொட்டுகள்கூட நின்றுபோயின.

பிறகு, வெகு தூரத்தில், மணல்வெளிப் பக்கமிருந்து முரசு ஒலித்தது. மெதுவாக. ஒரே சீராக. வழி தவறியவனுக்குத் திசை காட்டும் முரசு.

சர் மைல்ஸ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் முகத்திலிருந்த பயம் மெல்ல வடிந்து, அதன் கீழே வேறொன்று தெரிந்தது. களைப்பு.

"இங்கிருந்து சொன்னா ஆகாது," என்றார். "அங்க திரும்பி வரேன்னுதானே சொல்லியிருந்தேன்."

"மைல்ஸ், கடல் ஏறுற நேரம்," என்று ஹெஸ்டர் அவர் கோட்டுக் கையைப் பற்றினாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். அவசரமில்லாமல், ஒரு குழந்தையின் விரல்களை விலக்குவது போல. கதவைத் திறந்துகொண்டு தோட்டத்தைக் கடந்தார். பனி அவரை முதலில் முழங்கால் வரை எடுத்துக்கொண்டது, பிறகு இடுப்பு வரை, பிறகு முழுவதும்.

ஹெஸ்டர் வேலி வரை ஓடினாள். அதற்கு மேல் கால் போகவில்லை.

முரசு அடித்துக்கொண்டே இருந்தது.

நின்றது.

அதன்பின் தண்ணீர் வரும் ஓசை மட்டும் கேட்டது. பட்டுத் துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பது போல.

காலையில் சிப்பி பொறுக்கும் பெண்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். முகம் அமைதியாக இருந்ததாகச் சொன்னார்கள். ஆனால் உடலைச் சுமந்து வந்தவர்கள் கூடத்து மேசையில் கிடத்தியபின் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன் சரிகை வைத்த கர்னல் கோட்டு அவர் உடலில் இல்லை. வாளும் இல்லை. முரட்டுக் கம்பளியில் தைத்த, பித்தளைப் பொத்தான் பச்சையேறிய, உப்பில் விறைத்துப்போன பழங்காலத்துச் சாதாரண சிப்பாயின் கோட்டு ஒன்று கழுத்து வரை ஒழுங்காகப் பொத்தானிட்டு அவர் மேல் கிடந்தது. கழற்ற முடியாமல் கத்தரித்துத்தான் எடுத்தார்கள்.

படை மரியாதையோடு அடக்கம் நடந்தது. அதன்பின் கூடம் உலர்ந்தது. கல்லின் வெண்மையைக்கூட அப்போதுதான் ஹெஸ்டர் பார்த்தாள். டைசன் அம்மாள் துணியை மடித்து வைத்துவிட்டு, உலர்ந்த தரையைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ஹெஸ்டரோடு பேசுவதில்லை. ஒருமுறை மட்டும் சொன்னாள்.

"நீங்க நல்லதுதான் நினைச்சீங்க. எனக்குத் தெரியும். ஆனா என்னால உங்க முகத்தைப் பாக்க முடியலைம்மா."

அறுவடைக் காலம் போய்விட்டது. ஒரு ஞாயிறு பிற்பகலில், தேவாலயத்திலிருந்து இருவரும் திரும்பி வந்து தோட்டப்பக்கத்து வாசலில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மணல்வெளியில் பனி எழுந்தது. அதற்குள்ளிருந்து கரகரத்த, உரத்த, பொறுமையான ஒரு குரல் கேட்டது. பெயர் வாசிக்கும் குரல்.

"ஃபெல்."

"இருக்கேன், சார்ஜன்ட்."

"பர்ரோ."

"இருக்கேன், சார்ஜன்ட்."

ஒவ்வொரு பதிலும் பனிக்குள்ளிருந்து வந்தது. ஹெஸ்டர் அசையவில்லை.

"டைசன்."

"இருக்கேன், சார்ஜன்ட்."

டைசன் அம்மாள் தன் வாயை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள். அப்படியே சரிந்தாள். ஹெஸ்டர் அவளைத் தாங்கிப் பிடித்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார்கள். பெயர்கள் தொடர்ந்தன. பிறகு ஓர் இடைவெளி. புதிதாகச் சேர்ந்த பெயரைத் தேடுவது போன்ற இடைவெளி.

"ஆல்தர்கேட்."

பனியிலிருந்து பதில் வரவில்லை.

"இருக்கேன், சார்ஜன்ட்," என்றது அவள் கணவரின் குரல். அது அவர்களுக்குப் பின்னால், பூட்டிக் கிடந்த வீட்டுக்குள், மாடிப் படிக்கட்டிலிருந்து வந்தது.