எட்டு ஐம்பத்திரண்டுக்கு அணைந்த விளக்கு

மதியம் இரண்டே காலுக்கு அழைப்பு மணி ஒரே ஒரு முறை அடித்தது. கதவைத் திறந்தால், பின்தெருவில் குடியிருக்கும் நூலகக்காரம்மா நின்றிருந்தார். ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மறு காலில் பழுப்பு.

"அஞ்சு மணிக்கு என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போக போலீஸ் வர்றாங்களாம், அண்ணி. இன்னும் மூணு மணி நேரங்கூட இல்ல."

"முதல்ல உட்காருங்க. தம்பி, தண்ணி கொண்டா."

அண்ணி இருபது ஆண்டுகள் தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். தானாகப் பிடித்த தீ எது, வைத்த தீ எது என்று சாம்பலைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. கணவரின் தம்பி வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெரு முழுவதற்கும் அவர் அண்ணியாகிவிட்டார். அந்தக் கொழுந்தன் மின்சாதனக் கடையில் வேலை செய்பவன். வயது முப்பத்தைந்து. விடுமுறை நாட்களில் அண்ணியின் விசாரணைகளில் மூக்கை நுழைப்பதைவிட அவனுக்கு வேறு சுகம் கிடையாது.

வந்தவர் சொன்னது இதுதான். அவருடைய கணவர் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறார். பல்செட்காரர் என்றால் தெருவுக்கே தெரியும். வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கியை நிறுத்தி, தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றைப் பல மாதங்களாகப் படமெடுத்து வருகிறார். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற சர்வேயர், குள்ளமான மனிதர். மூன்று மாதத்துக்கு முன், திருட்டுப் பயத்தில் தன் வீட்டுப் பின்சுவரில் அவர் பெரிய விளக்கொன்றைப் போட்டார். அந்த வெளிச்சத்தில் வானமே வெளுத்துப்போனது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை, ஏச்சு மட்டும்தான். முந்தாநாள் இரவு பத்தரை மணிக்கு அதே விளக்கின் கீழே, தலையில் அடிபட்டுச் சர்வேயர் கிடந்தார். விளக்கில் பல்பு இல்லை. அவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

"'ஒருநாள் அந்த பல்பைக் கழட்டி எறியத்தான் போறேன்'னு இவர் தெருவுல நின்னு கத்தினார். கேக்காதவங்க யாரும் இல்ல."

"இப்ப என்ன சொல்றார்?"

"டெலஸ்கோப்பை விட்டு நகரவே இல்லங்கறார். எதையும் கவனிக்கலங்கறார். ஆனா அண்ணி..." அவர் குரல் தாழ்ந்தது. "சாப்பாடு வேண்டாம், படம் போதும்ங்கற மனுஷன். ரெண்டு நாளா அந்தப் படங்களைத் திறந்துகூடப் பார்க்கல. என்கிட்டயே என்னமோ மறைக்கிறார்."

"அப்ப அவர்தான்..." என்று தொடங்கினான் கொழுந்தன்.

"தம்பி, குடை எடுத்துட்டு வா. கிளம்பலாம்."

புறப்படுமுன் அண்ணி சில நொடிகள் கண்மூடி நின்றார். எந்த விசாரணைக்கும் அவர் அப்படித்தான் புறப்படுவார். உண்மை தெரியட்டும், அது தெரியும்போது யார் மனமும் உடையாமல் இருக்கட்டும் என்பது அவருடைய வேண்டுதல்.

நூலகக்காரம்மா தன் வீட்டுக்குப் போய்விட, மற்ற இருவரும் சர்வேயர் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே இன்ஸ்பெக்டர் இருந்தார். பழைய தீ வழக்குகளில் அண்ணியைக் கண்டவர். மறுக்காமல் உள்ளே விட்டார். பின்பக்கம் சிமெண்டுத் தளம். சுவரில் வெறும் ஹோல்டர். அதன் கீழே மூன்று கால் மர ஸ்டூல் ஒன்று பக்கவாட்டில் கிடந்தது.

"அடிதடியில சாய்ஞ்ச ஸ்டூல்" என்றார் இன்ஸ்பெக்டர். "பல்பு அந்த ஜன்னல் விளிம்புல இருந்துச்சு. உடையாம, இதுல சுத்தி வெச்சிருந்தாங்க." உறைக்குள்ளிருந்து மஞ்சள் நிற மெல்லிய துணியை எடுத்துக் காட்டினார். "லென்ஸ் துடைக்கிற துணி. பல்செட்காரர் மேசையில இதே துணி ஒரு கட்டு இருக்கு. இதை இன்னும் அவங்ககிட்ட நான் சொல்லல."

துணியில் சதுரமாக மடித்த தடம் இருந்தது. அண்ணி அதை விரலால் நீவிப் பார்த்தார்.

"அடிபட்டவர் உடம்புல வேற ஏதாவது?"

"வலது கையில ரெண்டு விரல் நுனி கொப்பளிச்சிருக்கு. அடுப்புல சுட்டிருப்பார்."

சர்வேயரின் அக்கா மகன் மாடியில் குடியிருப்பவன். கண்கள் சிவந்திருந்தன. கேட்பதற்கு முன்பே சொன்னான்: "பத்து மணிக்கு நான் மாடியிலேர்ந்து பார்த்தேங்க. லைட் நல்லா எரிஞ்சுது. மாமா நின்னுட்டிருந்தார். அப்புறம் யாரோ சுவரேறிக் குதிச்ச சத்தம். இறங்கி வந்தா இப்படி..."

கொழுந்தன் இதற்குள் கையை உயர்த்தி ஹோல்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டான். "எட்டுதே! அண்ணி, இது பழைய மாதிரி பெரிய பல்பு. எரியும்போது தொட்டா தோல் வந்துடும். எங்க கடையிலயே இதை இப்ப வாங்க ஆளில்ல." கதவருகே இருந்த ஸ்விட்சை அவன் தட்டினான். உள்ளே சமையலறை விளக்கு எரிந்தது.

"அது இல்லீங்க. பின்பக்க லைட்டுக்கு ஸ்விட்ச் மாடியில, என் ரூம்ல இருக்கு."

"வெளிய போனா ரூமைப் பூட்டிடுவீங்களா?" என்று அண்ணி கேட்டார்.

"பூட்டாம? கம்பெனி லேப்டாப் இருக்கே."

முன்னறையில் சர்வேயரின் மேசை. கண்ணாடிப் பலகைக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரப் படம்; பக்கத்தில் பூதக்கண்ணாடி. படத்தின் நடுவே சுழன்ற புகைபோல ஏதோ இருந்தது. பாதிக்கு மேல் சாம்பல் பூசியதுபோல வெளுத்திருந்தது. அந்தச் சாம்பலின் எல்லையை யாரோ பென்சிலால், அளவுகோல் வைத்து, நுணுக்கமாகக் கோடிட்டிருந்தார்கள்.

"கெட்டுப்போன போட்டோ" என்றான் கொழுந்தன்.

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை.

பல்செட்காரர் வீட்டில் அவர் கணினிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நெடிய மனிதர். கொழுந்தனைவிட ஒரு விரல்கடை உயரம்.

"முந்தாநாள் எடுத்த படங்களைக் காட்டறீங்களா?"

"அதுல என்ன இருக்கு?"

"நீங்க சொல்லுங்க. எனக்கு எதுவும் தெரியாது."

வேறு வழியில்லாமல் திரும்பினார். விசைப்பலகையில் ஓடிய அவருடைய விரல்களை அண்ணி பார்த்தார். பல் அச்சு வார்க்கும் சுண்ணாம்பில் வெடித்த விரல்கள். கொப்புளம் ஒன்றும் இல்லை. அந்த விண்மீன் மண்டலம் ஒரே படத்தில் விழாது என்றார் அவர். நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த மங்கிய ஒளி துலங்கும். ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் பதிவாகும்.

திரையில் படங்கள் நகர்ந்தன. ஏழரை மணி, எட்டு மணி: எல்லாம் சாம்பல். எட்டு ஐம்பது: சாம்பல். எட்டு ஐம்பத்திரண்டில் எடுத்தது பாதி வெளுப்பு. அடுத்தது கறுப்பு. அதன்பின் வந்தவை எல்லாம் கருமை. அந்தக் கருமையின் நடுவே இரண்டு கைகளை விரித்துச் சுழலும் ஒளி. நூலகக்காரம்மா வாய்க்குள் "அம்மா" என்றார்.

கடைசிப் படம் மறுபடி வெளுத்திருந்தது. பத்து ஐம்பது.

"அது ஆம்புலன்ஸ் வெளிச்சம்" என்றார் பல்செட்காரர், பார்க்காமலே.

அண்ணி நேரப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை படித்தார். "ஒன்பது மணி வரைக்கும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு படம். அப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு. இது தானா மாறுமா?"

பல்செட்காரர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "மாறாது" என்றார் மெல்ல.

ஐந்து மணிக்கு எல்லோரும் சர்வேயர் வீட்டுப் பின்பக்கத்தில் நின்றார்கள். இன்ஸ்பெக்டரின் வண்டி வாசலில் காத்திருந்தது. மதில்களுக்கு மேலே அக்கம்பக்கத்துத் தலைகள் முளைத்திருந்தன. நூலகக்காரம்மா கணவரின் சட்டைக் கையைப் பற்றியிருந்தார்.

"முதல்ல நேரம்" என்றார் அண்ணி. "இந்த விளக்கு எட்டு ஐம்பத்திரண்டுக்கு அணைஞ்சிருக்கு. படங்கள் சொல்லுது."

"கேமரா கடிகாரத்தை யாரும் திருப்பி வைக்கலாமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆம்புலன்ஸ் வந்த நேரம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டுல என்ன இருக்கு?"

"பத்து ஐம்பது."

"படத்துலயும் பத்து ஐம்பதுதான். கடிகாரம் சரி. அப்படின்னா பத்து மணிக்கு லைட் எரிஞ்சுதுன்னு சொன்ன தம்பி..."

அக்கா மகன் தலை கவிழ்ந்தான்.

"இவன்தானா!" கொழுந்தன் ஓரடி முன்னால் பாய்ந்தான்.

"நீ கொஞ்சம் நில்லுப்பா. இது எரிஞ்சுட்டிருந்த பல்பு. அணைக்கணும்னா ஸ்விட்சைத் தட்டினா போதும். சுடற பல்பைக் கையால கழட்டறது யாரு? ஸ்விட்ச் கைக்குக் கிடைக்காதவங்க. மாடி ரூம் பூட்டியிருந்துச்சு. ரூம்காரர் வீட்டுலயே இல்ல."

அக்கா மகனின் தோள்கள் குலுங்கின. "மேட்ச் பார்க்கப் போயிட்டேங்க. மாமாவுக்குத் தலைசுத்தல் இருக்கு, தனியா விடாதேன்னு டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்குத் தெரிஞ்சா... அதான் வீட்டுல இருந்தேன்னு சொன்னேன். அப்புறம் ஒண்ணொண்ணா சேர்ந்துடுச்சு. சுவரேறிக் குதிச்ச சத்தமெல்லாம் நான் கேக்கல."

"ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தியே, அது தெரியுதா?" இன்ஸ்பெக்டரின் குரல் கடுத்தது. பின் அண்ணியிடம் திரும்பினார். "ஆனா ஸ்விட்ச் இவருக்கும் கிடைக்காதே. எட்டு ஐம்பத்திரண்டுக்குப் பல்செட்காரர் சுவரேறி வந்திருக்கலாம்."

"வந்திருந்தா ஸ்டூல் எதுக்கு? என் கொழுந்தனே தரையில நின்னு ஹோல்டரைத் தொட்டான். இவர் அவனைவிட உயரம். சர்வேயருக்குத்தான் எட்டாது. கொப்புளமும் இவர் விரல்ல இல்ல. சர்வேயர் விரல்லதான் இருக்கு. முதல்ல வெறுங்கையால தொட்டுச் சுட்டுக்கிட்டார். இறங்கிப் போய்த் துணி எடுத்துட்டு வந்தார். கழட்டினார், பத்திரமா ஜன்னல்ல வெச்சார். கண்ணு கூசற வெளிச்சத்துலேர்ந்து ஒரே நொடியில கும்மிருட்டு. ஸ்டூலுக்கு மூணே கால். சர்வேயருக்கோ தலைசுத்தல்."

"தானே விழுந்தாரா? துணி எப்படி வந்துச்சு?"

அண்ணி துணியை வாங்கி நூலகக்காரம்மாவிடம் நீட்டினார். "இது சுவரேறி வந்த துணி இல்ல. சதுரமா எதையோ சுத்தி, வாசல் வழியா வந்த துணி. இல்லையாம்மா?"

நூலகக்காரம்மா அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "நான்தான் கொடுத்தேன்... நாலு நாளைக்கு முன்னாடி. கெட்டுப்போச்சுன்னு இவர் தூக்கிப்போட்ட படம். அதை இதுல சுத்திக் கொண்டுபோய், 'சார், நீங்க நிலத்தை அளந்தவர், இதையும் பாருங்க'ன்னு மட்டும் சொன்னேன். விளக்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. இவருக்குத் தெரிஞ்சா பிச்சை கேட்டியான்னு திட்டுவாரேன்னு சொல்லல. துணி கிடைச்சதே எனக்குத் தெரியாதே!"

"அவர் பார்த்தார்மா. தன் விளக்கு எவ்வளவு தூரம் மறைக்குதுன்னு அளவெடுத்துக் கோடு போட்டு வெச்சிருக்கார். அக்கா மகன் வர்ற வரைக்கும் காத்திருக்க மனசில்லாம, ஸ்டூலைத் தூக்கிட்டு வந்துட்டார். இங்க யாரும் யாரையும் அடிக்கல."

பல்செட்காரர் அந்தச் சிமெண்டுத் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"உங்க பங்கை நீங்கதான் சொல்லணும்" என்றார் அண்ணி மென்மையாக. "இருட்டினதும் அஞ்சு நிமிஷப் படத்துக்கு மாத்தியிருக்கீங்க. கவனிக்கலன்னு சொன்னது நிஜமில்ல."

"தொப்புனு ஒரு சத்தம் கேட்டுது" என்றார் அவர். வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "மூட்டை விழுந்த மாதிரி. அதுக்கு முன்னாடியே வெளிச்சம் போயிருந்துச்சு. பல்பு ஃபியூஸ் போயிடுச்சுன்னு நினைச்சு, கடவுளுக்கு நன்றி சொன்னேன் அண்ணி. எட்டிப் பார்த்தா புது பல்பு போட்டுருவாரோன்னு மூச்சுக்கூட விடாம உட்கார்ந்திருந்தேன். ரெண்டு மணி நேரம். அவர் இங்க ரத்தத்துல கிடந்தார். நான் அங்க படம் எடுத்துட்டிருந்தேன். எத்தனை மாசமா கிடைக்காத படம்."

அண்ணி அவர் அருகே குனிந்தார். தீர்ப்புச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "அந்த ரெண்டு மணி நேரத்தை யாராலயும் திருப்பித் தர முடியாது" என்றார். "இனிமே வர்ற நேரம் உங்க கையில இருக்கு."

அப்போது இன்ஸ்பெக்டரின் கைப்பேசி ஒலித்தது. அவர் கேட்டார்; "ஆமா" என்றார்; மறுபடி "என்ன?" என்றார். கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொண்டு பல்செட்காரரைப் பார்த்தார்.

"கண்ணு முழிச்சிட்டார். நர்ஸுக்கு ஒண்ணும் புரியலையாம். 'பக்கத்து வீட்டுல படம் விழுந்துதா'ன்னு திரும்பத் திரும்பக் கேக்கறாராம்."

அக்கா மகன் சுவரில் சாய்ந்து அழுதான். நூலகக்காரம்மா வானத்தை நோக்கிக் கைகூப்பினார். "வண்டி சும்மாதான நிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போற வழி எனக்குத் தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர், எங்கோ பார்த்தபடி.

"ஒரு நிமிஷம் சார்."

பல்செட்காரர் எழுந்தார். அண்ணியின் கையிலிருந்த மஞ்சள் துணியை வாங்கினார். இன்ஸ்பெக்டர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பல்பை அதில் துடைத்தார், லென்ஸைத் துடைப்பதுபோல. தரையில் நின்றபடியே கையை உயர்த்தித் திருகினார்.

"மேல போய் ஸ்விட்சைப் போடு தம்பி" என்றார் அக்கா மகனிடம். "மாமா வர்றப்ப வீடு இருட்டா இருக்கக் கூடாது."