கோட்டுக்குக் கீழே ஒரு குரல்

அறையில் மின்விசிறி இல்லை. மைக்கில் சத்தம் விழுகிறது என்று கதிரவனே ஆள் வைத்துக் கழற்றிவிட்டான். பதிலுக்கு ஏசி போடுவதாக மனைவி பிரதீபாவிடம் சொன்ன வாக்கு மூன்று கோடையாக வேர்த்துக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க, ஹெட்போனுக்குள் ஒரு மின்விசிறி சுற்றியது. டக்... டக்... டக். இறக்கை எதிலோ உரசுகிற மாதிரி, சுற்றுக்கு ஒரு தட்டு.

ஹெட்போனைக் கழற்றினான். தலத்தெரு ஐப்பசி மூட்டத்தில் மதியம் மூன்றரைக்கே இருண்டு கிடந்தது. கீழே பிரதீபா வெங்காயம் வதக்கும் வாசனை மாடிப்படி ஏறி வந்தது. தெருவில் ஒரு பைக் கிளம்ப மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. விசிறிச் சத்தம் எங்கேயும் இல்லை. மறுபடி மாட்டினான்.

டக்.

வார நாட்களில் கதிரவன் அரசு அலுவலக எழுத்தர். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு எழுதிக்கொடுத்தால் இணைய வானொலி நிலையத்தின் இயக்குநர். நிலையம் என்றால் ஒரு கணினி, ஒரு மைக், முட்டை அட்டை ஒட்டிய நாலு சுவர். நேயர்கள் முந்நூறு பேர். பாதிப்பேர் குவைத்திலும் துபாயிலும் இருந்துகொண்டு ஊர்ப்பேச்சுக்கு ஏங்குகிறவர்கள், மீதிப்பேர் தெரியாமல் அமுக்கிவிட்டவர்கள் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். ஒரு வருடம் மூடிக் கிடந்த நிலையம் இன்று நாலு மணிக்குத் திறக்கிறது. புதுக் கணினி, ஒலியைச் சரிப்படுத்தப் புது மென்பொருள். முதல் நிகழ்ச்சி, நிலையத்தின் அறிவிப்பாளராக இருந்த ஜொஹரா நினைவாக.

மென்பொருளில் லெவலர் என்று ஒன்று உண்டு. கத்துகிறவரை அமுக்கும், முணுமுணுப்பவரைத் தூக்கிவிடும். அதைப் போட்ட பிறகுதான் விசிறிச் சத்தம் வந்தது. கேட் என்று இன்னொன்றும் உண்டு. நாம் கிழிக்கிற கோட்டுக்குக் கீழே உள்ள சத்தம் எதுவானாலும் கதவைச் சாத்திவிடும். அதை மட்டும் இன்று போடவில்லை. போடக் கை வரவில்லை.

ஜொஹரா திருப்பட்டினத்தில் தன் வீட்டிலிருந்தே பேசுவாள். கல்ஃபில் இருக்கிற ஆண்களுக்கு வீட்டார் சொல்லியனுப்புகிற சேதிகளை ஒவ்வொன்றாகப் படிப்பாள். அவள் வீட்டு விசிறிக்கு ஒரு டக் உண்டு. அவளுக்கு மூச்சில் விசிலடிக்கிற வீசிங் உண்டு. யாரோ ஒரு நேயர் இரைச்சல் என்று எழுதிப்போட, கதிரவன் கேட்டின் கோட்டை மேலே மேலே ஏற்றினான்.

"உன் மூச்சுக்கே கதவு போட்டுட்டேன் தங்கச்சி."

"போடுங்கண்ணே. என்னைய உள்ள வச்சுப் பூட்டிராதீங்க, அது போதும்" என்று சிரித்தாள்.

போன வருடம் இதே போல ஒரு வெள்ளிக்கிழமை. அவளைப் பேசவிட்டு, அவன் தெருமுனைக்கு பஜ்ஜி தின்னப் போனான். மூச்சு முட்டியபோது, முந்நூறு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பி அவள் அவர்களிடமே சொன்னாள். யாராச்சும் எங்க வீட்டுக்கு ஆள் அனுப்புங்க. குரல் மெல்லிசு. கோட்டுக்குக் கீழே. கதவு சாத்திக்கொண்டது. பத்து நொடி மௌனமானால் தானாகப் பாட்டு ஓடும்படி அவன்தான் வைத்திருந்தான். நேயர்கள் பாட்டுக் கேட்டார்கள். அவள் நாற்பது நிமிடம் கூப்பிட்டாள்.

கேட்டில் அடைபடாமல் கணினியில் தனியே பதிவாகியிருந்த அவள் குரலை அன்றிரவு அவன் ஒருவன்தான் கேட்டான். கேட்டுவிட்டு அழித்தான். குவைத்திலிருந்து ஓடிவந்த அவள் கணவன் ஜெகபர் அலியிடம், "நெட்டு கட்டாயிடுச்சு மச்சான்" என்றான்.

"கடைசியா எதுவும் பேசலையா மச்சான்?"

"ஒண்ணும் பேசல."

அந்த ஜெகபர் அலி இன்று குவைத்தில் ஜும்மா முடித்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான்.

டக். டக்.

மைக்கின் ஒயரைப் பிடுங்கினான். திரையில் ஒலியின் பச்சைக் கோடு ஆடிக்கொண்டே இருந்தது. லெவலர் விடாமல் தூக்கியது, தூர் வாருகிறவன் வாய்க்கால் சேற்றை அள்ளி மேலே போடுகிற மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம். விசிறிக்கு அடியில் வேறொன்று. ஈரமான, சன்னமான விசில். உள்ளே இழுக்கிற மூச்சு. தைலமும் சாம்பிராணியும் கலந்த வாசனை. வெங்காய வாசனை எப்போது போனதென்று தெரியவில்லை.

புது மென்பொருள், எதையோ தப்பாக அமுக்கியிருப்பேன், நமக்கு எது ஒழுங்காக வந்திருக்கிறது என்று சிரித்துப் பார்த்தான். சிரிப்பு முட்டை அட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"அண்ணே."

மணி மூன்று ஐம்பத்தெட்டு. நாலு மணிக்கு எல்லாம் தானாக ஒலிபரப்பில் போய்விடும். அந்த நாற்பது நிமிடமும். ஜெகபர் அலியின் காதுக்கு.

கதிரவன் ஒரு நொடி கண்ணை மூடினான். பிறகு கேட்டைப் போட்டான். கோட்டை உச்சிக்கு ஏற்றினான்.

அமைதி.

இரண்டாவது தடவை. இந்தத் தடவை, தெரிந்தே.

நாலு மணி. நிலையத்தின் இசை ஓடி முடிந்தது. கதவு சாத்தியிருக்கிறது என்று கேட்டின் விளக்கு சிவப்பில் நின்றது. அவன் மைக்கைத் திரும்பச் செருகி, "வணக்கம்" என்றான். வாயருகே வைத்து, உரக்க. விளக்கு சிவப்பிலேயே இருந்தது. இன்னும் உரக்கச் சொன்னான். திரையில் அவன் குரல் ஒரு மயிரிழையளவுகூட எழும்பவில்லை.

விளக்கு பச்சையானது. அவனுக்காக அல்ல.

போன் துடித்தது. ஜெகபர் அலி அனுப்பிய சேதி.

"மச்சான், இது அவ குரலு."

"பழைய பதிவா?"

"ஏன் இப்படி மூச்சு வாங்குறா?"

பிறகு:

"ஒண்ணும் பேசலன்னீங்களே."

ஒலிபரப்பை நிறுத்தும் பொத்தானை அமுக்கினான். நிற்கவில்லை. கணினியின் ஒயரைச் சுவரிலிருந்து உருவினான். திரை அணைந்தது. கேட்கிறவர்களின் எண்ணிக்கை போனில் ஏறிக்கொண்டே போனது. முந்நூறு. எழுநூறு. இரண்டாயிரம்.

என்னதான் போகிறது என்று தன் போனில் நிலையத்தைத் திறந்தான். இங்கே பேசியது அங்கே கேட்க அரை நிமிடம் ஆகும். இணைய வானொலி என்றாலே அப்படித்தான், எப்போதும் பின்னால்தான் வரும்.

போனில் அவள் மூச்சு. வெகு அருகில். பிறகு ஓர் ஆண்குரல். அடைத்துப்போன, கெஞ்சுகிற குரல்.

"ஜொஹரா... தங்கச்சி... விட்டுரும்மா."

அவன் குரல்.

அவன் அதை இன்னும் சொல்லவில்லை.

நாற்காலி சரிகிற சத்தம். நாற்காலி அவனுக்குப் பக்கத்தில் நேராக நின்றுகொண்டிருந்தது. போனில் யாரோ தரையைப் பிறாண்டினார்கள். இரண்டு பேர் மூச்சு இழுத்தார்கள், அவளும் இன்னொருவரும், ஒரே தாளத்தில். பிறகு ஒருத்தர் மட்டும்.

பிறகு யாருமில்லை.

அவன் எண்ணினான். ஒன்று. இரண்டு. பத்து.

பாட்டு தொடங்கியது.

வாயை இறுக மூடிக்கொண்டான். சொல்லாவிட்டால் நடக்காது. இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். நெஞ்சுக்குள் ஏதோ சாத்திக்கொண்டது. காற்று பாதியில் நின்றது. பின்கழுத்தில் விசிறிக் காற்று, சுற்றுக்கு ஒரு தரம், சில்லென்று.

பிரதீபாவைக் கூப்பிட நினைத்தான். அவள் சமையல் மேடையில் போனை வைத்து நிலையத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சாவுக்குப் பிறகு வருகிற அந்தப் பாட்டுக்கு, கரண்டியைத் தட்டிக்கொண்டு, மெல்ல முணுமுணுத்தாள்.

மாடியில் அவன் விரல்கள், ஒவ்வொன்றாக, வாயிலிருந்து பிரித்து எடுக்கப்பட்டன.