தாத்தாவின் குட்டி மாமா

மூன்றாவது கடிதமும் கையை விரித்துவிட்டது.

"தாங்கள் கேட்டபடி வெளிநாட்டுத் தூதரகப் பதிவுகள் முழுவதிலும் தேடினோம். மால்டாவில் டிரெகியர் என்ற குடும்பப் பெயரில் குழந்தை எதுவும் இல்லை."

ஜேகோ தாத்தா கடிதத்தை மடித்து மேசைமேல் போட்டார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"நாலு வருஷமா எழுதறேன். கல்லறைக் கல்லுல பேர் வெட்டுறவர் அடுத்த மாசம் வந்துடுவார். பேரும் தெரியல, தாளும் இல்ல."

பத்து வயதுப் பேத்தி டெகனுக்கு விஷயம் நன்றாகத் தெரியும். தாத்தாவின் அம்மாவுக்கு ஓர் அண்ணன் இருந்தானாம். அவர்களுடைய அப்பா பட்டாளத்தில் இருந்தபோது, 1910 வாக்கில், மால்டா தீவில் பிறந்து, கைக்குழந்தையாகவே அங்கே இறந்துபோனவன். பெற்றவள் அழுவாளே தவிர, அவன் பெயரை வாயால் சொன்னதில்லை. "என் அண்ணன் பேரையும் நம்ம கல்லறைக் கல்லுல வெட்டிடுடா, ஜேகோ" என்று தாத்தாவின் அம்மா சாகும்போது கேட்டிருந்தார். தாத்தாவும் சரி என்று சொல்லியிருந்தார். பாதிரியாரோ, சான்று இல்லாமல் கல்லில் ஓர் எழுத்துகூட ஏறாது என்றுவிட்டார்.

"அப்படி ஒரு குழந்தையே இல்லையோ என்னமோ!" என்றான் பெரியப்பா மகன் கிட்டோ, குங்குமப்பூ பன்னைக் கடித்தபடி.

தாத்தாவின் முகம் சுருங்கியது.

"நீ வாயை மூடிட்டுத் தின்னு!" என்றாள் டெகன்.

"வாயை மூடிட்டு எப்படித் தின்கிறதாம்?"

டெகன் அவனைக் கவனிக்கவில்லை. "தாத்தா, நான் கண்டுபிடிக்கிறேன்."

"நான் எழுதாத கடிதமா, கண்ணு?"

"நீங்க எழுதினீங்க. நான் இன்னும் தேடவே ஆரம்பிக்கலையே!"

சனிக்கிழமை காலை, கேம்போர்ன் ஊர் நூலகம் திறந்ததும் டெகன் உள்ளே நுழைந்தாள். வேடிக்கை பார்க்கக் கிட்டோவும் ஒட்டிக்கொண்டான். கணினியில் தூதரகப் பட்டியலை அவளும் ஒருமுறை தேடினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை தேடினாள். அப்போதும் இல்லை.

"வீட்டுக்குப் போலாமா?" என்றான் கிட்டோ.

"நீ போ."

அவன் போகவில்லை. டெகன் நூலகர் நான்கிவெல் அம்மாவிடம் போனாள்.

"மேடம், இந்தத் தூதரகம்னா என்ன?"

"வேற ஒருத்தர் ஆளுற நாட்டுல நம்ம ஆளுங்களைக் கவனிச்சுக்கிற அலுவலகம்மா."

"1910-ல மால்டாவை யார் ஆண்டாங்க?"

"நம்ம ராஜாதான். ஏன் கேக்கறே?"

டெகன் பென்சிலால் கன்னத்தைத் தட்டினாள். பிறகு கிட்டோவின் பக்கம் திரும்பினாள். "பக்கத்து ஊர் ட்ரூரோவுல நமக்குத் தூதர் இருக்காரா?"

"லூசு! ட்ரூரோவும் நம்ம நாடுதானே? அங்க எதுக்குத் தூதர்?"

"அப்போ மால்டாவுல மட்டும் எதுக்கு?"

"அட, ஆமா!" என்றான் கிட்டோ.

"இல்லாத அலுவலகத்தோட பதிவைத்தான் தாத்தா நாலு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கார்!" என்றாள் டெகன். "குழந்தையோட அப்பா பட்டாளத்துக்காரர். சோறு, துணி, வீடு எல்லாம் பட்டாளம்தான் குடுத்திருக்கும். அப்போ குழந்தை பிறந்ததையும் அவங்கதானே எழுதி வெச்சிருப்பாங்க?"

நூலகர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பட்டாளத்துக்குத் தனிப் பதிவேடே இருக்கு. வா, பார்ப்போம்."

டிரெகியர் என்ற பெயரில் நான்கு குழந்தைகள் இருந்தார்கள். இரண்டு பேர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். ஒருத்தி இந்தியாவில். நான்காவது வரி: பெர்ரன் டிரெகியர், மால்டா, 1910. இறந்தவர்கள் பட்டியலிலும் அதே பெயர், அதே ஆண்டு.

"கிடைச்சுட்டான்! ஓடு, தாத்தாகிட்ட சொல்லு!" என்று குதித்தான் கிட்டோ.

"இரு. பேர் ஒண்ணா இருந்தா நம்ம ஆளாயிடுவானா? அப்பா, அம்மா பேரும் ஒத்துப்போகணும். சான்றிதழ் கேட்டு எழுதிப் போடுவோம், வரட்டும். அதுவரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது."

பன்னிரண்டு நாள் கிட்டோ ரகசியத்தைக் காத்தான். அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். பதின்மூன்றாம் நாள் தபால் வந்தது. அப்பா, சார்ஜென்ட் ஹானிபல் டிரெகியர். அம்மா, தோமசின். வீட்டு பைபிளில் தாத்தாவின் அம்மாவைப் பெற்றவர்கள் என்று எழுதியிருந்த அதே பெயர்கள்! டெகன் இரண்டு சான்றிதழ்களையும் தாத்தாவின் கையில் வைத்தாள்.

"பெர்ரன்" என்று படித்தார் தாத்தா. மறுபடியும், மெதுவாக, "பெர்ரன்" என்றார். "பதினோரு நாள் இருந்திருக்கான்."

"அம்மாவோட அண்ணன்னா, உங்களுக்கு மாமா" என்றாள் டெகன்.

"பதினோரு நாள் மாமா!" தாத்தா சிரித்தார். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தார். கிட்டோ தன் கைக்குட்டையை நீட்டினான். "நான் அன்னிக்குச் சொன்னதை மன்னிச்சுக்கோங்க, தாத்தா."

கல்லில் பெயர் வெட்டும் கிளெம் வந்த அன்று, பாதிரியார் சான்றிதழ்களைப் பார்த்துத் தலையாட்டினார். கிளெம் கல்லை அளந்துவிட்டுத் தயங்கினார். "ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கு, ஜேகோ. அதுவும் உனக்குன்னு விட்டு வெச்சது."

"மாமாவுக்கே குடுத்துடு. நூறு வருஷத்துக்கு மேல காத்துக்கிட்டு இருக்கான். நான் மெதுவா வரேன்."

டெகன் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப ரொம்ப மெதுவா வாங்க, தாத்தா."

கிளெம்மின் உளி 'பெர்ரன்' என்று செதுக்கத் தொடங்கியது.